குதிரையும் மனிதரும் – 9: பள்ளத்தின் விளிம்பில் ஒரு பையன்

யுலிசஸ் கிரான்ட் என்றால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் எதிர்ப்படைத் தலைவர் லீயைச் சரணடைய வைத்த தளபதி, இரண்டு தடவை குடியரசுத் தலைவராக இருந்தவர், ஐம்பது டாலர் நோட்டில் தாடியோடு இருப்பவர் என்றுதான் பலருக்கும் தெரியும். இந்தத் தொடருக்கு அந்தக் கிரான்ட் தேவையில்லை. நான் சொல்லப்போவது ஒஹாயோ மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரில் 1830களில் வளர்ந்த ஒரு பையனைப் பற்றி. பழக்க முடியாத குதிரைக்குட்டி என்று ஊரில் யாராவது அலுத்துக்கொண்டால், அது கடைசியில் அவனிடம்தான் வந்து சேரும்.

அவன் அப்பா ஜெஸ்ஸி கிரான்ட் தோல் பதனிடும் கூடம் வைத்திருந்தார். நல்ல வருமானம். மகனும் அதே தொழிலுக்கு வருவான் என்பது அவர் கணக்கு. பையனுக்கோ பச்சைத் தோலின் நாற்றமும் ரத்தமும் அறவே ஆகாது. வேறு எந்த வேலை சொன்னாலும் செய்வான், குதிரை பூட்டிய வேலை என்றால் சொல்லாமலே செய்வான். ஊரிலிருந்து ஒரு மைலுக்குள் அவர்களுக்கு ஐம்பது ஏக்கர் காடு இருந்தது. அங்கே வெட்டிய விறகை வீட்டுக்கும் கூடத்துக்கும் வண்டியில் கொண்டுவருவது ஏழெட்டு வயதிலேயே அவன் பொறுப்பாகிவிட்டது. விறகை ஏற்றி இறக்கும் பலம் கிடையாது. அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். லகான் மட்டும் அவன் கையில். பதினோரு வயதில் ஏர் பிடித்தான். பதினேழு வயதில் ராணுவப் பள்ளிக்குப் போகும் வரை அந்த வீட்டில் குதிரையை வைத்துச் செய்த வேலை அத்தனையும் அவனுடையதுதான்.

வேலை முடிந்துவிட்டால் குதிரையை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அப்பாவோ அம்மாவோ ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாற்பத்தைந்து மைல் தள்ளி இருந்த சின்சினாட்டிக்குத் தனியாகவே பலமுறை போயிருக்கிறான். ஊரை விட்டுக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தை எழுபது மைல் தூரத்துச் சில்லிகாத்தியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, இரட்டைக் குதிரை வண்டியை ஒற்றை ஆளாகத் திருப்பி ஓட்டி வந்திருக்கிறான். எழுபது மைல் என்றால் நம் கணக்கில் நூற்றுப்பத்துக் கிலோமீட்டருக்கு மேல். பாதி வழி காடு, பாதி வழி சேறு. குதிரைக்கு எப்போது தண்ணீர் காட்டுவது, எங்கே அவிழ்த்து விடுவது, லாடம் தளர்ந்தால் எந்த ஊர்க் கொல்லனிடம் போவது என்பதையெல்லாம் அந்தப் பையனே முடிவு செய்தாக வேண்டும். பதின்வயதுப் பிள்ளையை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்த அந்தப் பெற்றோர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அவன் வாங்கிய முதல் குட்டியின் கதையை அமெரிக்காவில் பலரும் சிரிப்புக்காகச் சொல்வார்கள். எட்டு வயதுக்கு மேல் இருக்காது. ரால்ஸ்டன் என்பவரிடம் ஒரு குதிரைக்குட்டி இருந்தது. அப்பா இருபது டாலர் தருவதாகச் சொல்லியிருந்தார். அவரோ இருபத்தைந்துக்குக் குறைய மாட்டேன் என்றார். பையன் நச்சரிப்பு தாங்காமல் அப்பா இறங்கி வந்தார். முதலில் இருபது கேள், மறுத்தால் இருபத்திரண்டரை, அப்புறமும் மறுத்தால் இருபத்தைந்து கொடுத்து வாங்கி வா என்று அனுப்பினார். பையன் நேரே போய், அப்பா சொன்ன மூன்று விலையையும் வரிசை மாறாமல் ரால்ஸ்டனிடம் ஒப்பித்துவிட்டான். அவர் எந்த விலைக்குக் கொடுத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பிள்ளைகள் இதை வைத்து வெகுகாலம் அவனைக் கேலி செய்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கதையின் பிற்பகுதி. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. குட்டிக்கு நான்கு வயதானபோது கண் தெரியாமல் போயிற்று. அவன் அதை இருபது டாலருக்கு விற்றுவிட்டான். 1836இல், பதினான்கு வயதில், ஒஹாயோ ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கியின் மேஸ்வில் நகரத்துக்குப் படிக்கப் போனான். அங்கே ஆற்றைக் கடக்கும் படகு குதிரைகளின் காலால் ஓடியது. படகில் பொருத்திய மிதிசக்கரத்தின் மீது குதிரைகள் இருந்த இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும். சக்கரம் சுழல, படகு நகரும். அந்த வேலைக்குக் குருட்டுக் குதிரைகளையும் பூட்டினார்கள். மேஸ்வில் படகின் சக்கரத்தில் நடந்துகொண்டிருந்த குருட்டுக் குதிரைகளில் ஒன்று தன் பழைய குட்டி என்று அவன் பார்த்ததுமே கண்டுகொண்டான்.

1885இல், தொண்டைப் புற்றுநோய் முற்றி, கையில் காசும் இல்லாமல், சாவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கிரான்ட் தன் வரலாற்றை எழுதினார். சொல்வதற்குப் பெரிய பெரிய போர்கள் காத்திருந்தன. அந்த நிலையிலும் படகில் நடந்த அந்தக் குதிரைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். எழுதி முடித்த சில நாட்களில் இறந்துபோனார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

படகில் அந்தக் குதிரையைப் பார்த்த அடுத்த வருடம் நடந்ததுதான் இந்த வாரத்துக் கதை. வயது பதினைந்து. ஜார்ஜ்டவுன்காரர் பெய்ன் என்பவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எழுபது மைல் தள்ளிக் கென்டக்கியில் ஃப்ளாட் ராக் என்ற இடத்திலிருந்த அவருடைய சகோதரர் வீட்டுக்குப் போயிருந்தான். அங்கே ஓர் அழகான சவாரிக் குதிரை நின்றது. பையன் மனதைப் பறிகொடுத்தான். தன் ஜதையில் ஒன்றைத் தருகிறேன், இதைத் தருகிறீர்களா என்று கேட்டான். சின்னப் பையனோடு குதிரை மாற்றுவதா என்று வீட்டுக்காரர் தயங்கினார். அவன் வீட்டில் குதிரை விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம் என்று சகோதரர் சொன்ன பிறகே சம்மதித்தார். ஆனால் அந்தக் குதிரையின் கழுத்தில் வண்டிப்பட்டை ஏறியதாக அவருக்கே தெரியவில்லை. ஒரு பண்ணை வண்டியில் பூட்டிப் பார்க்கலாம் என்றான் பையன். பூட்டினார்கள். வண்டிக்குப் புதிது என்பது உடனே தெரிந்துவிட்டது. முரண்டு மட்டும் பிடிக்கவில்லை. சமாளித்துக்கொள்வேன் என்றான். மேற்கொண்டு பத்து டாலரும் அவன் கைக்கு வந்தது.

மறுநாள் காலை கிளம்பினார்கள். சில மைல் தூரம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு நாய் பாய்ந்து வந்தது. இரண்டு குதிரைகளும் மிரண்டு ஓட்டமெடுத்தன. புதுக் குதிரை ஒவ்வொரு தாவலுக்கும் பின்னங்கால்களை வீசி உதைத்தது. எதிலும் மோதாமல் பையன் நிறுத்திவிட்டான். அடிக்கவில்லை, உடனே ஓட்டவும் இல்லை. படபடப்பு அடங்கட்டும் என்று சற்று நேரம் நிற்க விட்டான். மறுபடி கிளப்பிய அதே நொடியில் உதை, அதே ஓட்டம். அந்தச் சாலை அரை மைலுக்குள் பெரிய சாலையில் போய் முட்டும். பெரிய சாலையின் அந்தப் பக்கம் இருபதடிக்கு மேல் ஆழமான சரிவு. லகானை இழுத்துப் பிடித்துச் சரிவின் விளிம்பிலேயே நிறுத்தினான். குதிரைக்கு உடம்பெல்லாம் நடுக்கம். பக்கத்தில் இருந்த பெய்னுக்கு அதைவிட அதிகம். அவர் இறங்கி, அந்த வழியாக வந்த சரக்கு வண்டியில் ஏறி மேஸ்விலுக்குப் போயே போய்விட்டார்.

மேஸ்வில் போய்ச் சேர்ந்தால் அங்கே இருக்கும் உறவினரிடம் வேறு குதிரை இரவல் வாங்கலாம். ஆனால் அது ஒரு நாளுக்கும் மேற்பட்ட வழி. கிளப்பும்போதெல்லாம் உதைக்கும் குதிரையோடு எப்படிப் போவது? கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பெரிய கைக்குட்டையை எடுத்துக் குதிரையின் கண்களைக் கட்டினான். குதிரை அடங்கியது. அப்படியே ஓட்டிக்கொண்டு மறுநாள் பத்திரமாக மேஸ்வில் வந்து சேர்ந்தான். உறவினரிடம் குதிரை இரவல் வாங்கிக்கொண்டு, அதற்கடுத்த நாள் பெய்னையும் ஏற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தான்.

அந்தக் கைக்குட்டை செய்த வேலையைப் புரிந்துகொள்ள, குதிரையின் கண்ணை அறிய வேண்டும். தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அந்தக் கண்களுக்குக் கிட்டத்தட்ட முழுச் சுற்றும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. புல்வெளியில் ஓநாய்க்கும் சிறுத்தைக்கும் தப்பி வாழ்ந்த விலங்குக்கு ஏற்ற அமைப்பு. சேணம் மட்டுமே அறிந்த குதிரையை முதன்முதலாக வண்டியில் பூட்டினால் என்ன ஆகும்? ஏதோ ஒன்று பின்னாலேயே வருகிறது. கடகடவென்று சத்தம் போடுகிறது. வேகமாக ஓடினால் அதுவும் வேகமாகத் துரத்துகிறது. நின்றால்தான் அதுவும் நிற்கிறது. நகர்ந்தால் மறுபடி துரத்தல். இந்த நிலையில் பின்னால் உதைப்பதைத் தவிர அந்தக் குதிரைக்கு வேறு நியாயமான வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வண்டிக் குதிரைகளுக்குக் கண்ணின் பக்கவாட்டில் தோல் மறைப்பு கட்டுவது இதற்காகத்தான். கண்ணை முழுக்கக் கட்டிவிட்டால் தானாக ஓடும் துணிச்சல் குதிரைக்குக் குறைந்துவிடுகிறது. லாயம் தீப்பிடிக்கும்போது மிரண்டு நிற்கும் குதிரைகளைக் கண்ணைக் கட்டி வெளியே நடத்தி வருவதும் உண்டு. ஃப்ளாட் ராக் குதிரைக்கு இன்னொரு ஆதரவும் இருந்தது. ஜதையில் பக்கத்தில் நடந்தது வண்டிக்குப் பழகிய பழைய குதிரை. அதன் தோளும் மூச்சும் காலடிச் சத்தமும் பக்கத்திலேயே இருந்தன. லகான் வழியாக ஒரு நிதானமான கை பேசிக்கொண்டிருந்தது.

இந்த யோசனை அவனுக்கு எங்கிருந்து வந்தது? கிரான்ட் தன் புத்தகத்தில் சொல்லவில்லை. ஆற்றின் இரைச்சலுக்கும் படகின் ஆட்டத்துக்கும் நடுவே எதற்கும் மிரளாமல் நடந்துகொண்டிருந்த தன் குருட்டுக் குதிரையை முந்தைய வருடம்தான் அவன் பார்த்திருந்தான். அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

கண்ணைக் கட்டுவது ஆபத்துக்கு உதவும் வழி. பழக்கும் முறையாக அதைக் கொள்ள முடியாது. இளங்குதிரையை இன்று பழக்குகிறவர்கள் அந்தத் துரத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிமுகம் செய்கிறார்கள். முதலில் நீண்ட லகான்களோடு பின்னால் நடந்தே ஓட்டுவார்கள். அப்புறம் ஒரு மரக்கட்டையையோ டயரையோ தரையில் இழுத்துப் பக்கத்தில் நடந்து காட்டுவார்கள். குதிரை அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாத நிலை வந்த பிறகே அதை இழுக்க விடுவார்கள். காட்டுப்பாதையில் முதல் சவாரிக்கு அழைத்துப் போகும்போது நிதானமான மூத்த குதிரை ஒன்று முன்னால் போகும். ஓடையில் அது முதலில் இறங்கும், மரப்பாலத்தில் அது முதலில் காலை வைக்கும். குட்டி பார்த்துவிட்டுப் பின்தொடரும். சில நாள் கழித்து வரிசையை மாற்றி, குட்டியை முன்னால் விடுவார்கள். சென்ற வாரம் பார்த்த கிரேக்கத்து ஜெனபோன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதன் சாரத்தை எழுதிவிட்டார்: கோபத்தோடு குதிரையை அணுகாதே, மிரளும் பொருளுக்கு அருகே மெதுவாக அழைத்துப் போ, அடித்தால் அந்தப் பொருளால்தான் வலித்தது என்று அது எண்ணிக்கொள்ளும்.

வயது விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குதிரைக்குப் பால்பற்கள் எல்லாம் விழுந்து நிலைப்பற்கள் அமைய ஐந்து வயதாகிறது. முதுகெலும்பு வளர்ச்சி முழுமை பெறவும் கிட்டத்தட்ட அத்தனை காலம் ஆகிறது. பந்தயத் தொழிலோ இரண்டு வயதுக் குட்டியின் முதுகில் ஆளை ஏற்றி முழு வேகத்தில் ஓடவிடுகிறது. கையில் பிடித்து நடத்திப் பழக்குவதற்கு அந்த வயது நல்லது. அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் காட்டுக் குதிரைகளைத் தத்தெடுத்துப் பழக்கும் போட்டிகளில், சிறுவர் பிரிவுக்கு ஒரு வயதுக் குட்டிகளைத் தருகிறார்கள். ஏறிச் சவாரி செய்வது அதில் இல்லை. மனிதக் கையைப் பார்த்திராத குட்டியைத் தொட்டுப் பழக்குவது, கயிற்றில் நடக்கவைப்பது, வண்டிக்குள் ஏறவைப்பது இவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

கிரான்ட் 1839இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். முப்பத்தொன்பது பேர் கொண்ட வகுப்பில் இருபத்தொன்றாவது இடம். குதிரைச் சவாரியில் மட்டும் அவரை யாரும் நெருங்க முடியவில்லை. பள்ளியிலேயே முரட்டுக் குதிரை என்று பேர்பெற்ற யார்க்கின் மீது ஏறி, 1843இல் வகுப்பு முடியும் நாளில் எல்லோர் முன்னிலையிலும் அவர் தாண்டிய உயரம் வெகுகாலத்துக்குப் பேசப்பட்டது. படிப்பு முடிந்ததும் குதிரைப்படை கேட்டார். இடம் இல்லையென்று காலாட்படையில் போட்டார்கள். அந்த முடிவை எடுத்த அதிகாரிகள் மீது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1864இல் வர்ஜீனியாப் போர்முனையில் அவர் எல்லாப் படைகளுக்கும் தலைவர். ஆயிரக்கணக்கில் வீரர்கள் மாண்டுகொண்டிருந்தார்கள். தளபதி முகத்தில் சலனமே இருக்காது என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நாட்களில் ஒருமுறை, சேற்றில் சிக்கிய வண்டியின் குதிரைகளை வண்டிக்காரன் ஒருவன் சாட்டைப் பிடியால் முகத்தில் அடிப்பதைப் பார்த்துவிட்டார். உதவியாளர் ஹொரேஸ் போர்ட்டர் தன் நினைவுக்குறிப்பில் அந்தக் காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். கிரான்ட் குதிரையை விரட்டிக்கொண்டு போய்க் கத்தினார், அந்த ஆளை ஆறு மணி நேரம் மரத்தில் கட்டிவைக்க உத்தரவிட்டார். அந்தப் போர்க்காலம் முழுவதிலும் அவர் நிதானம் இழந்து போர்ட்டர் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கிரான்ட் ஜார்ஜ்டவுனில் விறகு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதே ஒஹாயோவில், குரோவ்போர்ட் என்ற ஊரில் இன்னொரு பையன் வளர்ந்துகொண்டிருந்தான். பிறந்தது 1827இல். பெயர் ஜான் ரேரி. கிரான்ட் பையனாக இருந்தபோது கைப்பழக்கத்தில் செய்ததை ரேரி பெரியவனானதும் ஒரு முறையாக வகுத்து, புத்தகமாகப் போட்டு, 1858இல் விக்டோரியா ராணியின் முன்னால் செய்து காட்டினான். இரும்பு முகமூடி மாட்டித் தனியே பூட்டி வைத்திருந்த குரூசர் என்ற ஆண்குதிரையின் லாயத்துக்குள் அவன் எப்படி நுழைந்தான் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)