அறுவை சிகிச்சைக்குப் பின் வாந்தி: ஸ்டீராய்டு ஊசி எதற்கு?

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். மயக்க மருந்தும், வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் போன்ற மருந்துகளும் இதற்கு முக்கியக் காரணங்கள். இளையோரைவிட முதியவர்களுக்கு இது குறைவுதான். ஆனால் வாந்தி தொடர்ந்தால் உடலில் நீர் வற்றும். தையல் போட்ட இடம் வலிக்கும். மாத்திரையும் வயிற்றில் தங்காது.

யாருக்கு அதிகம் வரும்?

பெண்கள், புகைபிடிக்காதவர்கள், பயணத்தின்போதோ முந்தைய அறுவை சிகிச்சைக்குப் பிறகோ வாந்தி எடுத்தவர்கள், மோர்ஃபின் வகை மருந்து தேவைப்படுபவர்கள். இந்த நான்கும் ஒருவருக்கே இருந்தால் வாந்தி வரும் வாய்ப்பு மிக அதிகம்.

என்ன ஊசி?

டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. மயக்க மருந்து நிபுணர் இதை ஒரே ஒரு முறை, பெரும்பாலும் 4 முதல் 8 மில்லிகிராம் அளவில், இரத்த நாளத்தில் செலுத்துவார். இது வேலை செய்யச் சிறிது நேரம் ஆகும். அதனால் அறுவை சிகிச்சையின் தொடக்கத்திலேயே கொடுக்கப்படும். பலன் ஏறக்குறைய ஒரு நாள் நீடிக்கும்.

பயப்பட வேண்டுமா?

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுவதால் வரும் முக வீக்கமும் எலும்புத் தேய்வும் இந்த ஒரு ஊசியால் வராது. புண்ணில் கிருமித்தொற்று வருமோ என்றும் பலர் அஞ்சுகிறார்கள். 2021-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு உள்ளவர்கள் உட்பட 8,700-க்கும் அதிகமானோர் கவனிக்கப்பட்டனர். ஊசி போட்டவர்களில் 8.1 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 9.1 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. அதாவது, ஊசியால் தொற்று கூடவில்லை.

நீரிழிவு உள்ளவர்கள்

மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. இந்த ஊசிக்குப் பின் சுமார் ஒரு நாளுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். வார்டில் விரலில் குத்தி அடிக்கடி பரிசோதிப்பார்கள். நீங்களாக மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

• நீரிழிவு உண்டா, முன்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வாந்தி வந்ததா என்று சொல்லுங்கள்.
• பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.
• மூட்டுவலிக்கு ஜாமு அல்லது வேறு பாரம்பரிய மருந்து சாப்பிட்டால் மறைக்காதீர்கள். இத்தகைய சில மருந்துகளில் டெக்சாமெத்தசோன் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய அதிகாரிகள் கண்டுபிடித்துள்ளனர். பாக்கெட்டையோ போத்தலையோ கையோடு கொண்டுவாருங்கள்.

பங்சாரில் கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு, அறுவை சிகிச்சைக்கு மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ செல்பவர்கள் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள மருத்துவருக்கு அவை தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ, சர்க்கரை இறங்காமல் இருந்தாலோ மருத்துவமனையை அழையுங்கள். இரத்த வாந்தி, மயக்கம் ஏற்பட்டால் உடனே 999-ஐ அழையுங்கள்.