சரக்கு வேனின் பிரேக் பூஸ்டரில் காற்றுக் கசிவு: கண்டறிவது எப்படி?

காய்கறி, பூ, பழம், பால் முதலியவற்றைச் சந்தைக்கு எடுத்துச் செல்லச் சிறு விவசாயிகள் பலர் இன்று சொந்தமாகச் சரக்கு வேன் வைத்திருக்கின்றனர். பழைய வண்டியை வாங்கி ஓட்டுவோரும் உண்டு. டயரையும் டீசலையும் கவனிக்கும் அளவுக்கு இவர்கள் பிரேக்கைக் கவனிப்பதில்லை. பெடல் கெட்டியாக இருந்தால், "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் பெடல் கெட்டிப்படுவது பெரும்பாலும் பிரேக் பூஸ்டருக்குப் போதிய வெற்றிடம் கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாகும். இதைக் கருவி எதுவும் இன்றி, காலால் அழுத்திப் பார்த்தே கண்டறிய இயலும்.

பூஸ்டர் வேலை செய்யும் விதம்

பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே உள்ள வட்டமான தகர டப்பாவே பூஸ்டர். அதன் நடுவே ரப்பர் டயாபிரம் ஒன்று உண்டு. பெட்ரோல் வண்டியில் என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்தும், டீசல் வண்டியில் தனியான வேக்குவம் பம்பிலிருந்தும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கிறது. பெடலை அழுத்தியதும் டயாபிரத்தின் ஒரு பக்கத்தில் வெளிக்காற்று நுழைகிறது. மறுபக்கம் வெற்றிடமாகவே இருப்பதால், காற்றின் அழுத்தம் டயாபிரத்தைத் தள்ளுகிறது.

இந்தத் தள்ளுவிசை சிறியதன்று. 9 அங்குல விட்டமுள்ள பூஸ்டரில் 500 மி.மீ. பாதரச அளவு வெற்றிடம் இருந்தால், சுமார் 280 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். கசிவு ஏற்பட்டால் இந்த உதவி குறைந்து, முழு வேலையையும் ஓட்டுபவரின் கால் மட்டுமே செய்ய வேண்டியதாகிறது.

கிணற்றில் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உறிஞ்சு குழாயில் ஊசித் துளை இருந்தாலும் காற்றை இழுத்துக்கொண்டு பம்ப் தண்ணீர் எடுக்காது. ஃபுட் வால்வு பழுதானால் குழாயில் நின்ற நீர் இறங்கிவிடும். பூஸ்டரிலும் அப்படியே. அங்கே ஃபுட் வால்வு செய்யும் வேலையை, ஹோஸ் குழாய் பூஸ்டருடன் சேரும் இடத்தில் அல்லது ஹோஸின் இடையில் உள்ள ஒருவழி வால்வு செய்கிறது. என்ஜின் நின்ற பிறகும் சில அழுத்தங்களுக்குப் போதுமான வெற்றிடத்தைச் சேமித்து வைப்பது அதுவே.

கெட்டியா, தொய்வா?

முதலில் பெடலின் தன்மையை அறிதல் வேண்டும். பெடல் கல்போல் கெட்டியாக இருந்து, வண்டி நிற்கத் தாமதமானால் வெற்றிடப் பக்கத்தில் கோளாறு இருக்கலாம். பெடல் மெத்தென்று இருந்தாலோ, அழுத்த அழுத்த அடிவரை இறங்கினாலோ பிரேக் ஆயில் பக்கத்தில் கோளாறு என்று கொள்ள வேண்டும். பின்னது உடனடி ஆபத்து ஆகும். அவ்வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே நலம்.

மூன்று சோதனைகள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்த பின்னரே சோதனைகளைச் செய்ய வேண்டும்.

1. என்ஜின் ஓடாத நிலையில் பெடலை ஐந்தாறு முறை அழுத்தி விடவும். சேமிப்பு வெற்றிடம் தீர்ந்து பெடல் கெட்டிப்படும். இப்போது பெடலை மிதித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யவும். பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். அசையாமல் இருந்தால் வெற்றிடம் வந்து சேரவில்லை, அல்லது பூஸ்டரே பழுது.

2. என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவும். ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பெடலை விட்டுவிட்டு அழுத்தவும். முதல் அழுத்தத்தில் நன்கு இறங்கி, அடுத்தடுத்த அழுத்தங்களில் படிப்படியாக உயர வேண்டும். முதல் அழுத்தமே கெட்டியாக இருந்தால் சேமிப்பு கசிந்து போகிறது. ஒருவழி வால்வு, ஹோஸ், பூஸ்டர் ஆகிய மூன்றில் ஒன்று காரணம்.

3. என்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துக்கொண்டு, காலை எடுக்காமல் என்ஜினை நிறுத்தவும். 30 விநாடி வரை பெடல் அதே உயரத்தில் நிற்க வேண்டும். காலை மேலே தள்ளினால் வெற்றிடக் கசிவு உண்டு. கீழே இறங்கினால் கோளாறு பிரேக் ஆயில் பக்கத்தில்.

கசிவு உள்ள இடம்

கசிவில் பெரும்பகுதி ஹோஸிலும் அதன் கிளிப்பிலுமே காணப்படும். ஹோஸை வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். களத்து மேட்டிலும் கொட்டகையிலும் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த ஹோஸும் உண்டு.

டயர் பஞ்சர் பார்ப்பதுபோல் சோப்பு நீர் தடவிப் பயனில்லை. இங்கே காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. ஆகவே குமிழி வராது. பெட்ரோலையோ டீசலையோ தெளித்துப் பார்ப்பது தீ விபத்துக்கு வழி. காதால் கேட்பதே எளிய வழி. என்ஜினை நிறுத்தியதும், ஒன்றரை அடி நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ், வால்வு, பூஸ்டர் ஓரம் ஆகிய இடங்களில் நகர்த்தினால் "உஸ்" என்ற சத்தம் காட்டிக்கொடுக்கும். பெடலை அழுத்தும் கணத்தில் ஓட்டுநர் காலடியில் சிறு சத்தம் வருவது இயல்பு. மிதித்தபடி இருக்கும்போது தொடர்ந்து வந்தால் பூஸ்டரின் உள்வால்விலோ டயாபிரத்திலோ பழுது.

ஒருவழி வால்வைக் கழற்றி, துடைத்து, வாயால் ஊதிப் பார்க்கலாம். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். எதிர்ப்பக்கம் போகக் கூடாது. இரு பக்கமும் போனால் மாற்றிவிட வேண்டும்.

பெட்ரோல் வண்டியில் கசிவு இருந்தால் ஐடிலிங்கில் என்ஜின் உதறுவதும் உண்டு. டீசல் வண்டியில் இந்த அறிகுறி தோன்றாது. ஹோஸும் வால்வும் நன்றாக இருந்தும் பெடல் கெட்டியாக இருந்தால் வேக்குவம் பம்பை மீட்டர் வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இந்தப் பம்புக்கு என்ஜின் ஆயிலே மசகு. ஆயில் குறைந்த வண்டியில் பம்ப் விரைவில் தேயும்.

வெளியே ஒழுக்கு இல்லாமலே பிரேக் ஆயில் மட்டம் குறைந்து வந்தால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியே ஆயில் பூஸ்டருக்குள் இறங்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மலைப்பாதையில் கூடுதல் கவனம்

கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. பூஸ்டரைத் தள்ளுவதே காற்றழுத்தம் ஆதலால், அதன் முழுத்திறனும் அந்த அளவுக்குக் குறைகிறது. சமவெளியில் தெரியாத சிறு கசிவு, கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது வெளிப்படும்.

டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருள விடும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. சேமித்த வெற்றிடம் இரண்டு மூன்று அழுத்தங்களுக்கே போதும். கசிவுள்ள வண்டியில் அதுவும் இராது. கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மூன்றாம் வளைவுக்குள் சேமிப்பு தீர்ந்தால் மீதி வளைவுகளில் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறும்போது போட்ட கியரிலேயே, என்ஜினை ஓடவிட்டு இறங்குவதே முறை.

ஓடும்போது பெடல் திடீரெனக் கெட்டிப்பட்டால் பதற வேண்டாம். உதவி மட்டுமே போயிருக்கிறது, பிரேக் போகவில்லை. பெடலை விட்டுவிட்டு அழுத்தாமல், இரு கால்களாலும் ஒரே சீராகப் பலமாக மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து ஓரங்கட்ட வேண்டும்.

தவிர்க்க வேண்டியது

ஹோஸ் கிழிந்தால் சொட்டுநீர்க் குழாயையோ மருந்து தெளிப்பான் குழாயையோ செருகிச் சமாளிக்கக் கூடாது. வெற்றிடத்தின் இழுப்பில் மெல்லிய குழாய் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். பிரேக் பூஸ்டருக்கென விற்கும் கனத்த ஹோஸையே, புதிய கிளிப்புடன் பொருத்த வேண்டும்.

மேற்கண்ட சோதனைகளுக்குப் பத்து நிமிடம் போதும். மாதம் ஒரு முறையும், மலைப்பாதையில் சரக்கு ஏற்றிச் செல்லும் நாளுக்கு முந்தின மாலையிலும் இவற்றைச் செய்துவருவது விவசாயிகளின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகும்.