நியூட்ரல் போட்டா அது கேர்லெஸ் இல்ல பாஸ்!

எங்க காலேஜ்ல மாக் இன்டர்வியூ. "உன் வீக்னெஸ் என்ன?" - வழக்கமான கேள்விதான். நம்ம பையன் ஒருத்தன் கூலா, "சார், ஐ ஆம் எ லிட்டில் ரெக்லெஸ்"னு சொல்லிட்டான். அவசரத்துல ஸ்பெல்லிங் மிஸ்டேக் விடுவேன்னு சொல்ல வந்திருக்கான், பாவம்! பேனல்ல இருந்தவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "தம்பி, உன்னை நம்பி மெஷினை எப்படிக் கொடுக்கறது?"ன்னு கேட்க, ஹாலே சிரிச்சுது.

சிரிச்சதுல நானும் ஒருத்தன். ஆனா ரூமுக்கு வந்து யோசிச்சா, கேர்லெஸ், நெக்ளிஜென்ட், ரெக்லெஸ், ராஷ்... வித்தியாசம் எனக்கும் சொல்லத் தெரியல. நமக்கு எல்லாமே 'அசால்ட்டு'தானே! (அதையும் இன்டர்வியூல சொல்லிடாதீங்க. இங்கிலீஷ்ல அது அடிதடி கேஸ்.) டிக்‌ஷனரியைத் திறந்தா ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தையைக் கை காட்டுது. 'ரெக்' என்பதே பழைய இங்கிலீஷ்ல அக்கறைதானாம். அப்படிப் பார்த்தா ரெக்லெஸ்ஸும் கேர்லெஸ்ஸும் ஒண்ணு!

எனக்கு விடை கிடைச்ச இடம் டிக்‌ஷனரி இல்ல. நம்ம தொப்பூர் கணவாய்.

தர்மபுரியிலிருந்து சேலம் போற பக்கம் இறக்கம். 2020 டிசம்பர்ல சிமென்ட் ஏத்திட்டு வந்த லாரி ஒண்ணு கட்டுப்பாடு இழந்து, பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல மோதி உயிர்களைப் பறிச்சதே, அதே இடம். மாமா ரொம்ப வருஷமா லாரி ஓட்டுறார். அவர்கிட்ட பேச்சு கொடுத்தேன்.

"கியர்ல இறங்கினா இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும் மாப்ள. டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல் போட்டா, எல்லா பாரமும் பிரேக் மேலதான்."

மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரிஞ்சிருக்கும். மிதிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் சூடாகி, லைனிங் பிடிப்பை இழந்துடும். ஏர் பிரேக்கை அடிக்கடி மிதிச்சா காத்தும் இறங்கும். இன்ஜின் ஐடில்ல ஓடறதால கம்ப்ரசர் அதை வேகமா நிரப்பாது. அப்புறம் பல டன் லோடு எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது.

இப்ப வார்த்தைகளுக்கு வருவோம். பேச்சு சுவாரஸ்யத்துல டிரைவர் கண்ணாடியைப் பார்க்க மறந்தார்னா, அது கேர்லெஸ். வெறும் கவனக்குறைவு. தேஞ்சுபோன லைனிங்கை மாத்த வேண்டியது ஓனர் கடமை. மாத்தாம விட்டார்னா நெக்ளிஜென்ட். செய்ய வேண்டியதைச் செய்யாம விடுறது இதுல முக்கியம். ஆனா, ஆபத்துன்னு நல்லா தெரிஞ்சும், 'இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே'ன்னு நியூட்ரல் போடறார் பாருங்க, அதுதான் ரெக்லெஸ். மறதி இல்ல, தெரிஞ்சே எடுக்கிற ரிஸ்க்.

ராஷ்? இங்கதான் நம்ம எஃப்.ஐ.ஆர். வருது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' - பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருப்போம்! சட்டத்துல இருக்கிற 'ராஷ் ஆர் நெக்ளிஜென்ட்'தான் தமிழ்ல இப்படி ஆகியிருக்கு. ஆனா கோர்ட் கணக்குல ராஷ்னா வேகம் மட்டும் இல்ல. ஆபத்து வரலாம்னு தெரிஞ்சும், வராதுங்கற நம்பிக்கையில துணிஞ்சு செய்யறது. முப்பதுல போனாலும் நியூட்ரல்ல இறங்கினா ராஷ்தான்னு எனக்குத் தோணுது. தமிழ் வாக்கியத்துல அந்த 'தெரிஞ்சே' காணாமப் போச்சு.

இது வெறும் வொகாபுலரி மேட்டர் இல்ல. பழைய இ.பி.கோ. 304-ஏ படி ராஷ் அல்லது நெக்ளிஜென்ட் செயலால் மரணம்னா அதிகபட்சம் 2 வருஷம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 106-வது பிரிவில் அது 5 வருஷம். 'உயிர் போகலாம்னு அவனுக்குத் தெரியும்'னு நிரூபிச்சுட்டா பிரிவே வேற. அதிகபட்சம் 10 வருஷம். 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில், குடிச்சுட்டு ஓட்டின கார் ஏறி, நடைபாதையில் தூங்கிய 7 தொழிலாளிகள் இறந்தாங்க. 304-ஏ படி விசாரணை கோர்ட் கொடுத்தது 6 மாசம்தான். ஐகோர்ட் அந்தப் பெரிய பிரிவுக்கு மாத்தி 3 வருஷம் ஆக்குச்சு. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செஞ்சுது. கார் அதேதான், செத்தவங்களும் அதே 7 பேர்தான். தெரிஞ்சு செஞ்சானா, தெரியாம செஞ்சானா என்பதில்தான் வித்தியாசம்.

இதையெல்லாம் மாமாகிட்ட அளந்துட்டு, "நீங்க நியூட்ரல் போட்டிருக்கீங்களா மாமா?"ன்னு சும்மா கேட்டேன். டீ கிளாஸையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"ஆரம்பத்துல போட்டிருக்கேன்டா. ட்ரிப் முடிஞ்சா ஓனர் முதல்ல கேக்கறது டீசல் கணக்குதான். லிட்டருக்கு எத்தனை கொடுத்துச்சுன்னு கேட்டுட்டுதான் சாப்டியாம்பாரு."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார்: "சரி, என்னைய ரெக்லெஸ்னு வெச்சுக்க. அந்தாளுக்கு என்னடா பேரு?"

தேடிக்கிட்டிருக்கேன் ஃப்ரெண்ட்ஸ்.