முதல் மோட்டார் சைக்கிள்: எதை வாங்குவது, பயத்தை எப்படிக் கடப்பது?

பத்து வருடங்களுக்கு மேலாக நான் மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில்தான் இருந்தேன். முன்னுக்கு இருந்து ஓடியவர் என் கணவர். அவருடைய ஹொண்டா 90ஐ 2009 இல் இரட்டைவாய்க்காலில் ஒரு பனையோடு சாய்த்துவிட்டு நடந்தோம். மீள்குடியேறி வந்தபோது துருப்பிடித்த சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் மலைபோல் குவிந்து கிடந்தன. அதற்குள் எங்களுடையதைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, கச்சேரி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எங்கே போவதென்றாலும் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஏற்றிக்கொண்டு போக ஆள் தேடி மூன்று வீட்டுப் படலையைத் தட்டினேன். அடுத்த நாளே சொந்தமாக ஒன்று வாங்கி நானே ஓடுவதென்று முடிவெடுத்தேன். அப்போது எனக்கு வயது 41. இடது கணுக்காலுக்குள் இன்னும் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது.

இதே யோசனையில் இருக்கும் பலர் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள்தான். எதை வாங்குவது? பயம் எப்படிப் போகும்? நான் பிழை விட்டுப் படித்ததைச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

கடையில் முதலில் காட்டுவது நிறத்தையும் விலையையும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கையையும் காலையும்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு நான்கு அவயவமும் வேலை செய்ய வேண்டும். இடது கை கிளச், இடது கால் கியர், வலது கை அக்சிலேற்றரும் முன் பிரேக்கும், வலது கால் பின் பிரேக். ஸ்கூட்டரில் கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. இரண்டு பிரேக்கும் கையிலேயே இருக்கின்றன. கால் பலவீனமானவர்களுக்கு ஸ்கூட்டர் பொருந்துவது இதனால்தான். மறுபக்கமாக, இடது கை விரல்களில் பலம் இல்லாத, கால்கள் நன்றாக இருக்கிற ஒருவருக்குப் பழைய ஹொண்டா 50, 90 போன்றவை பொருந்தலாம். அவற்றில் காலால் கியர் மாற்றலாம், கிளச் பிடி கிடையாது.

ஒரு காலை இழந்தவர்கள் பின்பக்கம் இரண்டு துணைச் சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டரில் போவதை வன்னியில் பார்த்திருப்பீர்கள். அது நிற்கும்போது விழாது. ஆனால் வளைவில் சாயவும் மாட்டாது. ஆகவே வளைவுகளில் நன்றாக வேகம் குறைக்க வேண்டும். அப்படி மாற்றம் செய்ய நினைத்தால், பூட்டுவதற்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது பாரம். ஸ்கூட்டி பெப் 95 கிலோ அளவில் இருக்கும். பல்சர் 150 என்றால் 140 கிலோவுக்கு மேல். ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மணலில் சாயும்போதும், முற்றத்தில் திருப்பும்போதும்தான் தெரியும். வாங்க முன்னர் சீற்றில் இருந்து பாருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் பதிய வேண்டும். பிறகு இறங்கி, ஸ்ராண்டில் ஏற்றி இறக்கி, பத்து அடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இதைத் தனியே செய்ய முடியாவிட்டால் அது உங்களுக்கான முதல் வாகனம் அல்ல.

நான் பழைய பெப் ஒன்றைத்தான் எடுத்தேன். சின்னது என்று சிலர் சிரித்தார்கள். 2022 இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று வந்தபோது, அந்தச் சின்னதுதான் அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனது.

காசும் புத்தகமும்

லீசிங்கில் எடுப்பதென்றால் கையெழுத்து வைக்க முன்னர் ஒரு கணக்குப் போடுங்கள். மாதக் கட்டணத்தை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டுங்கள். மாதம் 15,000 ரூபாய், 36 மாதம் என்றால் கட்டணம் மட்டும் 540,000 ரூபாய். அந்தத் தொகையைக் கடை விலையோடு ஒப்பிடுங்கள். பிறகு உங்கள் மிக மோசமான மாதத்தை, மழை பொய்த்த மாதத்தை, கூலி வேலை இல்லாத மாதத்தை நினையுங்கள். அந்த மாதத்திலும் கட்ட முடியுமா? தவணை பிந்தினால் தண்டப்பணம் எவ்வளவு, எத்தனை தவணை பிந்தினால் வந்து பறிமுதல் செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாசியுங்கள். எங்கள் பக்கத்தில் சீஸ் பண்ணிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பழையது வாங்குவதென்றால் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் அடித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். புத்தகத்தில் முழு உரித்தாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். ஓப்பின் பேப்பரில் வாங்கி வருடக்கணக்காகப் பெயர் மாற்றாமல் ஓடாதீர்கள். விபத்தோ களவோ நடந்தால், அது உங்களுடையதென்று நிரூபிக்க அலைய வேண்டிவரும்.

நம்பிக்கையான ஒரு கராஜ்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரயர், பிரேக், லைட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மிச்சப்படுத்திய காசில் முதலில் நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்குங்கள். நாடிப் பட்டி இறுகப் பூட்டாவிட்டால் அது தலையில் இருந்தும் இல்லாததுதான்.

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, எல் போர்ட்டுடன் பழகும் காலம், செய்முறைப் பரீட்சை என்று அது படிப்படியாகப் போகும். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேல் ஏ என்று வகை இருக்கிறது. எதை ஓடப் போகிறீர்களோ அதற்கு விண்ணப்பியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதியில் கை வைக்க முடியாது.

முதலில் நிற்பாட்டப் பழகுங்கள்

எனக்குப் பழக்கியவன் அக்காவின் மகன். முதல் நாள் ஸ்ரார்ட் பண்ணவே விடவில்லை. விளையாட்டு மைதானத்தைச் சுற்றித் தள்ளிக்கொண்டு நடக்க வைத்தான். எரிச்சலாக இருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அதன் பாரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கை கண்டுபிடித்தது.

இரண்டாம் நாள் கால்களை நிலத்தில் உரசியபடி ஊர்ந்தேன். பத்து அடி போய் நிற்பாட்டுவது, திரும்பப் பத்து அடி. மூன்றாம் நாள் கொஞ்சம் துணிவு வந்து போய், கதியால் வேலிக்குள் விழுந்தேன். பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபோது அதே கை அக்சிலேற்றரையும் முறுக்கிவிட்டது. புதிதாகப் பழகுகிறவர்கள் அநேகமாக விடுகிற பிழை இது. கை முதலில் அக்சிலேற்றரை முழுதாக விட வேண்டும், அதன் பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். இதை மட்டும் ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்தேன்.

"சித்தி, சில்லைப் பாக்காதேங்கோ. போற இடத்தைப் பாருங்கோ" என்று அவன் கத்திக்கொண்டே இருப்பான். உண்மைதான். குழியைப் பார்த்தால் குழிக்குள்தான் போவோம். குழிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல தரையைப் பார்த்தால் அதில் போவோம்.

பிறகு ஒழுங்கை, பிறகு கிரவல் வீதி, கடைசியாகத்தான் பரந்தன்–முல்லைத்தீவு வீதி. கிரவலிலும் மணலிலும் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன் சில்லு வழுக்கும். தார் வீதியில் பஸ் பின்னால் ஹோர்ன் அடித்தால் பதறி ஓரத்து மணலுக்குள் இறங்காதீர்கள். இடது பக்கமாக, ஆனால் தாருக்கு மேலேயே நேராகப் போங்கள். முந்திப் போவது அவர்கள் பாடு. இரவில் மாடுகள் சூட்டுக்காகத் தார் வீதியில் படுத்திருக்கும். உங்கள் லைட் எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அந்தத் தூரத்துக்குள் நிற்பாட்டக்கூடிய வேகம்தான் இரவு வேகம். சோல், சேலைத் தலைப்பு இரண்டையும் ஏற முன்னரே இறுகச் செருகுங்கள். தனியே ஓடி நன்றாகக் கை படியும் வரை பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம். பின்னால் ஒருவர் இருந்தால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும்.

பயத்தைப் பற்றி

எங்கள் பயம் விழுந்துவிடுவோம் என்பது மட்டும் அல்ல. ஒருமுறை பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின் சைலன்சர் வெடி போலச் சத்தம் போட்டது. என் கை விறைத்துவிட்டது. ஓரமாக நிற்பாட்டி, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, மூச்சு ஒழுங்காகும் வரை நின்றேன். பிறகுதான் போனேன். உங்களுக்கும் அப்படி வந்தால் வெட்கப்பட வேண்டாம், அதே நிலையில் ஓடவும் வேண்டாம். நில்லுங்கள். சாவியைத் திருப்பி விடுங்கள். தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி வந்தால் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் சொல்லுங்கள். இதுவும் காயம்தான்.

வட்டுவாகல் பாலத்தை நான் நெடுநாள் தள்ளிப்போட்டேன். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கம், இரண்டு பக்கமும் தண்ணீர். 2009 மேயில் அதைக் கால்நடையாகக் கடந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அம்மாவின் அலுவலாக முல்லைத்தீவுக் கச்சேரிக்குப் போக வேண்டி வந்தது. கேட்பதற்கு ஆள் இருந்தது, நான் கேட்கவில்லை. எதிரில் வந்த வாகனம் கடந்து முடியும் வரை இந்தக் கரையில் நின்றேன். பிறகு தண்ணீரைப் பார்க்காமல் அந்தக் கரையைப் பார்த்தபடி, இருபதுக்கு மேல் போகாமல் ஓடினேன். பின்னால் இருந்த அம்மா என் தோளைப் பிடித்தபடி ஒன்றும் பேசவில்லை. கரை ஏறிய பிறகு, "வரேக்கையும் இதாலதானே?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா, இதாலதான்" என்றேன்.