கொரோனா ஊசி: தயக்கம் வந்த வழியும் போன வழியும்

பெருந்தொற்றுக் காலத்தில் புதிய தடுப்பூசியை மக்கள் ஏற்க, மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. நோய் பற்றிய பயம், ஊசி பற்றிய பயம், அதைச் சொல்பவர் மேலுள்ள நம்பிக்கை, போட்டுக்கொள்வதால் ஆகும் இழப்பு ஆகியவற்றில் எது கனக்கிறதோ அதன் பக்கம் முடிவு சாயும். கொரோனாவுக்கு முன்பே, 2019இல், உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசித் தயக்கத்தை உலகின் பத்துப் பெரிய உடல்நல ஆபத்துகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது.

வீணான மருந்து

இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று ஊசி போடும் பணி தொடங்கியது. முதல் வரிசையில் இருந்த மருத்துவப் பணியாளர்களிலேயே பலர் ஒதுங்கினார்கள். மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு வருமுன்பே கோவாக்சின் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்திருந்ததால், அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

தயக்கத்தின் தடயம் மருந்துக் குப்பியில் தெரிந்தது. இன்னொரு தடுப்பூசியான கோவிஷீல்டின் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நாலு பேர் மட்டும் வந்தால் மீதி ஆறு பேருக்கான மருந்து குப்பைக்குத்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 11 வரை தமிழகத்தில் வீணானது 12.10 சதவீதம், நாட்டிலேயே அதுதான் அதிகம்.

விவேக்கின் மரணம்

கோவில்பட்டியில் பிறந்த நடிகர் விவேக், ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மக்களும் தயங்காமல் போட்டுக்கொள்ளும்படி பேசினார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி காலமானார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுமையாக அடைத்திருந்தது, அது ஒரே நாளில் உண்டாவதில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனால் ஊசி போட்டார், இறந்தார் என்ற இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வாட்ஸ்அப் வதந்தி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

கூலிக் கணக்கு

வதந்தி மட்டுமல்ல, கூலி போகும் என்ற கவலையும் தயங்க வைத்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் மணியாச்சி முதல் விளாத்திகுளம் வரையுள்ள கரிசல் காடு மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்த கையோடு உளுந்தும் பாசியும் விதைக்காவிட்டால் அந்த வெள்ளாமை போச்சு. தீப்பெட்டி வேலையிலோ செய்த அளவுக்குத்தான் கூலி. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வருவது சகஜம். அதற்குப் பாராசிட்டமால் உண்டு. போன கூலிக்கு மாத்திரை இல்லை. இப்படிக் கணக்குப் பார்ப்பவரிடம் ஊசியின் அருமையைப் பேசுவதைவிட, வேலை முடிந்து வரும் நேரத்தில் ஊர்ச் சாவடியிலேயே ஊசியோடு காத்திருப்பது பலன் தரும்.

வரிசை நீண்டது

மனதை மாற்றியதில் பெரும் பங்கு இரண்டாம் அலைக்கு உண்டு. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. தெருவில் சாவு விழத் தொடங்கியதும் ஊசி தேடி மக்கள் அலைந்தார்கள். அப்போது மருந்துக்குத்தான் தட்டுப்பாடு. செப்டம்பர் 12 அன்று 40,000 இடங்களில் நடந்த முதல் மெகா முகாமில் சுமார் 28.9 லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்ற நினைப்பில் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குச் சிலர் வரவில்லை. அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. விளம்பரங்கள் பலவற்றைவிட இது சாமர்த்தியமான வேலை.

தாமதமான பதில்

விவேக்கின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக் குழு தெரிவித்ததும் அதே அக்டோபரில்தான். முடிவு சரி, ஆனால் வர ஆறு மாதம் ஆகிவிட்டது. அடுத்த பெருந்தொற்றில் இத்தகைய சாவுகளின் விசாரணை முடிவு சில நாட்களிலேயே, தமிழிலேயே, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.