பெரியம்மாவுக்கு ஏன் முழு டிக்கெட்? புலாவ் செபாங் ரயிலில் பணம் மிச்சமாகும் வழிகள்

புக்கிட் காத்திலில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 67. கண் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை கோலாலம்பூர் போய் வருகிறார். டிக்கெட் எடுப்பதெல்லாம் மகன்தான், கைப்பேசியில். எட்டு மாதம் கழித்து ஒருநாள் நான் கூடப் போனபோதுதான் கவனித்தேன். டிக்கெட்டில் 'டெவாசா' என்றிருந்தது. எல்லா மாதமும் அப்படியே எடுத்திருக்கிறான்.

கேடிஎம் ரயிலில் 60 வயதான மலேசியர்களுக்குக் கட்டணம் பாதிதான். பயணி வகையில் 'வார்கா எமாஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; பயணத்தின்போது மைகார்ட் கையில் இருக்க வேண்டும். போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்று கணக்குப் போட்டால், மாதம் ஒரு முழு டிக்கெட் வீண். எட்டு மாதத்துக்கு எட்டு. "என்னடா தம்பி, எனக்கு இன்னும் வயசாகலன்னு நெனச்சிட்டியா?" என்று பெரியம்மா சிரித்துவிட்டார். மகனுக்குத்தான் முகம் சிறுத்துப் போனது. ஓய்வூதியமும் இல்லாமல், பால் மரம் வெட்டிய காலத்துச் சேமிப்பில் வாழ்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதே பாதிக் கட்டணம் ஓ.கே.யு. கார்டு வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கு இன்னும் பெரிய சலுகை ஒன்று இருக்கிறது. மைரெய்ல்லைஃப் என்ற அட்டை, 2022 ஜனவரியில் தொடங்கியது. முதலாம் ஆண்டு முதல் ஆறாம் படிவம் வரையிலான மாணவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கேடிஎம் கொமுட்டர் ரயிலில் இலவசமாகப் போகலாம் என்பதற்கான அட்டை அது. நம் தோட்டப்புறப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது? நான் கேட்ட நான்கு வீடுகளில் ஒரு வீட்டிலும் இல்லை. அடையாள அட்டையையும் பள்ளி மாணவர் என்பதற்கான சான்றையும் எடுத்துக்கொண்டு, கொமுட்டர் நிலைய முகப்பிடத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

சரி, ரயில் எங்கே என்று கேட்பீர்கள். மலாக்கா நகருக்கு ரயில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905இல் திறக்கப்பட்ட கிளைப்பாதையை ஜப்பானியர் காலத்தில் பெயர்த்தெடுத்து, தண்டவாளத்தைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆட்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். ஆட்களில் சிலராவது திரும்பி வந்தார்கள். தண்டவாளம் வரவே இல்லை. அதனால்தான் இன்றும் நாம் புலாவ் செபாங்/தம்பின் நிலையத்துக்குப் போய் ரயில் ஏற வேண்டியிருக்கிறது. பெயரில் தம்பின் இருந்தாலும் நிலையம் இருப்பது மலாக்கா மாநிலத்தில்தான்.

அந்த நிலையத்தில் இரண்டு வகை ரயில் நிற்கிறது. ஒன்று விரைவான இடிஎஸ். இருக்கை எண்ணோடு முன்பதிவு செய்து போவது. இன்னொன்று கொமுட்டர். நின்று நின்று போகும், இருக்கை எண் கிடையாது, விலை மலிவு. பத்துமலைக்கும் புலாவ் செபாங்குக்கும் இடையே ஓடுவது இந்தக் கொமுட்டர்தான். இறங்கி ஏறாமல் பத்துமலை வாசலுக்கே போகலாம். ஆனால் அந்தத் தடத்தில் ஓடும் எல்லா ரயிலும் புலாவ் செபாங் வரை வருவதில்லை. நேர அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பினால் நிலையத்திலேயே காத்துக் கிடக்க வேண்டும்.

இப்போது பயணத்தைத் துண்டு போடும் வித்தைக்கு வருவோம். ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தால் மொத்தச் செலவு குறையுமா? சில சமயம் குறையும். இதை நம்மவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 2011 ஜூன் 30 வரை கேடிஎம் ரயில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வரை போனது. அங்கிருந்து கிளம்பும் டிக்கெட்டின் விலை ரிங்கிட்டில் இருந்த அதே எண், ஆனால் சிங்கப்பூர் வெள்ளியில். ஒரு சிங்கப்பூர் வெள்ளி அப்போது ஏறக்குறைய இரண்டரை ரிங்கிட். சிங்கப்பூரில் வேலை செய்த நம் ஆட்கள் 170ஆம் எண் பேருந்தில் ஜொகூர் பாரு வந்து, அங்கிருந்து ரிங்கிட்டில் டிக்கெட் எடுத்து வீட்டுக்கு வருவார்கள். செலவு பாதிக்கும் கீழே. இன்றும் ஷட்டல் தெப்ராவ் ரயிலில் ஜொகூரிலிருந்து போக ஐந்து ரிங்கிட், உட்லண்ட்ஸிலிருந்து வர ஐந்து சிங்கப்பூர் வெள்ளி. தூரம் ஒன்றுதான்.

எங்கே கட்டணம் ஒரே விதியில் போடப்படவில்லையோ, அங்கேதான் துண்டு போட்டால் லாபம். பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே இது தினசரி வழக்கம். துண்டு போடும் நிலையத்தில் ரயில் நின்றால் போதும், இறங்கக்கூட வேண்டாம். அதற்கு மேல் 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கான ரயில் அட்டை இருந்தால் பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. இந்திய ரயிலில் கதை தலைகீழ். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவதால், துண்டு போட்டால் பெரும்பாலும் கூடத்தான் ஆகும். ஊர்க் கோயிலுக்குப் போகும்போது அங்கே இதை முயன்று பார்க்க வேண்டாம்.

நமக்கு எது பொருந்தும்? ஈப்போ, பட்டர்வொர்த் பக்கம் சம்பந்தி வீடு இருப்பவர்கள் புலாவ் செபாங்கிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை கொமுட்டரிலும், அங்கிருந்து இடிஎஸ்ஸிலும் போகும் விலையை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பிறகு நேரடி இடிஎஸ் விலையோடு ஒப்பிடுங்கள். ஓர் எச்சரிக்கை. இரண்டும் தனித்தனி டிக்கெட். கொமுட்டர் தாமதமாகி இடிஎஸ்ஸைத் தவறவிட்டால் இழப்பு உங்களுடையது. நானாக இருந்தால் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுவேன்.

தீபாவளி நேரத்தில் துண்டு போடுவது இன்னொரு விதத்தில் உதவும். முழுத் தூரத்துக்கும் இருக்கை இல்லை என்று காட்டினாலும், கேஎல் சென்ட்ரலில் நிறையப் பேர் இறங்குவார்கள். அதே ரயிலில் கேஎல் வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று தேடினால் இருக்கை கிடைக்க வாய்ப்புண்டு. நடுவில் இடம் மாறி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை செய்தால், 30 நாளுக்கு 50 ரிங்கிட் மை50 அட்டை எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரெப்பிட் கேஎல் பேருந்து எல்லாவற்றுக்கும் செல்லும். கொமுட்டருக்குச் செல்லாது. இதைத் தெரியாமல் கொமுட்டர் தடத்தில் வாடகை வீடு பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

உண்மையைச் சொல்லவேண்டுமானால், புக்கிட் காத்திலிலிருந்து தனியாளாக முழுக் கட்டணத்தில் கோலாலம்பூர் போகிறவருக்கு ரயில் அவ்வளவு லாபமில்லை. புலாவ் செபாங் போகக் கிரேப் பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். அவர் மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏறி டிபிஎஸ்ஸில் இறங்கி, நடைபாலத்தில் பண்டார் தாசிக் செலாத்தான் நிலையத்துக்குப் போய் கொமுட்டர் பிடிக்கலாம். அதுவும் துண்டு போடும் வித்தைதான். அலோர் காஜா, தம்பின் பக்கத்துத் தோட்டக்காரர்கள், மூத்தவர்கள், பள்ளிப் பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் ஆகியோருக்குத்தான் ரயில் முதல் தேர்வு.

பெரியம்மா இப்போது மலாக்கா சென்ட்ரலில் தம்பின் பேருந்தில் ஏறி, ரயிலுக்கு அரை டிக்கெட்டில் போகிறார். எடுத்தவுடன் மகனிடம் கைப்பேசியை வாங்கி, 'வார்கா எமாஸ்' என்று இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுக்கிறார்.