1,500 கோடி மைலுக்கு அப்பால் ஒரு மூளையைப் படித்தார்கள்!

பீங்கான் சூளை எரியும்போது கதவைத் திறக்க முடியாது. உள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல் அனல்! பொம்மை வேகிறதா, வெடிக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது? சூளைச் சுவரில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அதன் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். விருத்தாசலம், கருவேப்பிலங்குறிச்சி வட்டாரத்து மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு துளை உண்டு. அதன் பெயர் டிபக்கர்.

இங்கிலீஷில் 'பக்' என்றால் பூச்சி. கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவுத் தொகுப்புக்குப் புரோகிராம் என்று பெயர். அதில் புகுந்த தவறைத்தான் பூச்சி என்கிறார்கள். அந்தப் பூச்சியைப் பிடிக்க உதவும் கருவி டிபக்கர்.

வீட்டு நம்பர்

கம்ப்யூட்டரின் ஞாபகம் ஒரு நீண்ட தெரு போன்றது. வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் எண் குடியிருக்கிறது. சில எண்கள் கணக்கு. சில எண்கள் உத்தரவு.

கடையில் பில் போடும் புரோகிராம் தவறாகக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிபக்கர் அதைப் பாதி வழியில் நிறுத்திவிடும். "இந்த நம்பர் வீட்டில் என்ன இருக்கிறது, காட்டு!" என்று கேட்கலாம். பருப்பின் விலை இருக்கவேண்டிய வீட்டில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். திருடன் அகப்பட்டான்!

சென்னையிலும் கோவையிலும் புரோகிராம் எழுதும் இளைஞர்கள் தினமும் செய்கிற வேலை இது. யந்திரம் மேஜைமேல் இருக்கிறது. கேட்ட நொடியில் பதில் வருகிறது. யந்திரம் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால்?

உளறிய விண்கலம்

1977 செப்டம்பர் 5-ந் தேதி அமெரிக்கா வாயேஜர்-1 என்ற விண்கலத்தை ஏவியது. அது வியாழனையும் சனியையும் படம் பிடித்தது. 2012-ல் சூரியக் காற்றின் எல்லையையும் தாண்டியது. மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை.

2023 நவம்பரில் அது திடீரென்று உளறத் தொடங்கியது! ரேடியோ ஒலி வந்தது; விஷயம் வரவில்லை. ஒரே மாதிரி எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. பூமியிலிருந்து போன கட்டளைகளுக்கு மட்டும் அது கீழ்ப்படிந்தது. காது கேட்கிறது, வாய் பேசவில்லை!

விண்கலத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் உண்டு. செய்திகளை மூட்டை கட்டி அனுப்பும் கம்ப்யூட்டர்மேல் சந்தேகம் விழுந்தது. அதன் ஞாபகத் தெருவில் சுமார் 8,000 வீடுகள்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவை வைக்கக்கூட அந்த இடம் போதாது.

கேள்வி போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி. வெள்ளிக்கிழமை கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பதில்! விண்கலத்தை அமைத்தவர்கள் எழுதிய பல பத்தாண்டுப் பழைய காகிதங்களைப் புரட்டித்தான் ஒவ்வொரு கட்டளையையும் தயார் செய்யவேண்டியிருந்தது. ஒரு கட்டளை தவறினால் உள்ளதும் போய்விடலாம்.

2024 மார்ச் 1-ந் தேதி கலிபோர்னியாவிலிருந்து ஒரு கட்டளை போயிற்று. கெட்டுப்போன பகுதியை விட்டு வேறு வழியில் போகும்படி கம்ப்யூட்டரை லேசாகக் குத்திவிடும் கட்டளை அது. 3-ந் தேதி பதில் வந்தது. வழக்கமான உருவத்தில் இல்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. தொலைதூர விண்கலங்களின் ஒலியைக் கேட்கும் ஆன்டெனா நிலையங்களின் என்ஜினீயர் ஒருவர் அதைப் பிரித்துப் படித்துவிட்டார். என்ன ஆச்சரியம்! அந்தக் கம்ப்யூட்டரின் ஞாபகம் முழுவதும் அதில் இருந்தது. தெருவின் எல்லா வீடுகளும் கதவைத் திறந்து காட்டிவிட்டன!

பழுது வருவதற்கு முன் வந்த பட்டியல் கைவசம் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டார்கள். நூற்றுக்கு மூன்று வீடுகள் பாழ். அந்த வீடுகளைத் தாங்கிய ஒரே ஒரு சில்லு கெட்டிருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். விண்வெளியிலிருந்து வேகமாக வந்த துகள் தாக்கியிருக்கலாம். அல்லது 46 வருட உழைப்பில் தேய்ந்திருக்கலாம்.

வீடு மாற்றம்

சில்லை மாற்ற ஆள் அனுப்ப முடியுமா? ஆகவே குடியிருந்தவர்களை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். மொத்தமாகக் குடிவைக்க இடம் இல்லை. உத்தரவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காலி இடங்களில் வைத்தார்கள். பழைய விலாசத்தைத் தேடி வரும் மற்ற உத்தரவுகளுக்கெல்லாம் புது விலாசம் சொல்லவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஆபத்து. கம்ப்யூட்டர் வேலையில் மிகவும் பொறுமை கேட்பது இதுதான்.

ஏப்ரல் 18-ந் தேதி முதல் மாற்றம் புறப்பட்டது. 20-ந் தேதி விண்கலம் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொன்னது. ஐந்து மாதங்களுக்குப் பிறகு முதல் பேச்சு! ஜூன் மாதத்துக்குள் நான்கு விஞ்ஞானக் கருவிகளும் பழையபடி செய்தி அனுப்பின.

பிறகு சில்லறை வேலைகள்தான் பாக்கி இருந்தன. மூன்று கம்ப்யூட்டர்களின் கடிகாரங்களையும் ஒன்றாக வைக்கவேண்டியிருந்தது. விண்கலத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கிறது. அதையும் கொஞ்சம் கவனிக்கவேண்டியிருந்தது.